இன்னொரு மில்கா சிங்

போன ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் ‘பாக் மில்கா பாக்’ மறுபடி போட்டார்கள். 2013-ல் வந்த படம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். விளம்பரங்களோடு சேர்த்தால் மத்தியானத் தூக்கம் காலி. கூடவே உட்கார்ந்திருந்த என் தங்கை பையன் நடுவில் செல்போனில் எதையோ தேடிவிட்டு, “மாமா, இவர் கிரிக்கெட்டும் ஆடியிருக்காரா? நாலு டெஸ்ட்னு போட்டிருக்கே?” என்றான்.

“அது வேற மில்கா சிங்டா. நம்ம மதராஸ்காரர்.”

“சும்மா கதை விடாதீங்க.”

கதை இல்லை. அதற்கு முன்னால் படத்தைப் பற்றிக் கொஞ்சம்.

ராகேஷ் ஓம்பிரகாஷ் மெஹ்ரா இயக்கிய படம். ஃபர்ஹான் அக்தர் உடம்பை உளிவைத்துச் செதுக்கியதுபோல் மாற்றிக்கொண்டு உழைத்திருக்கிறார். அதில் குறை சொல்ல முடியாது. எனக்குள்ள தகராறு திரைக்கதையோடு. 1960 ரோம் ஒலிம்பிக்ஸ், 400 மீட்டர் இறுதி ஓட்டம். மில்கா ஓடுகிறார், திரும்பிப் பார்க்கிறார், நான்காவதாக வருகிறார். ஏன் திரும்பினார்? பிரிவினையின்போது குடும்பத்தைப் பறிகொடுத்த சிறுவனின் பயம் துரத்துகிறது என்கிறது படம். மொத்தப் படமும் இந்த ஒரு கழுத்துத் திருப்பலில் தொங்குகிறது.

மில்கா சிங் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு. பாதி தூரத்துக்கு மேல் வந்ததும், ரொம்ப வேகமாகப் போகிறோமோ என்று பயந்து கொஞ்சம் அடக்கி ஓடிவிட்டார். மூன்றாவதாக வந்த தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸுக்கு 45.5 விநாடி. மில்காவுக்கு 45.6. அவ்வளவுதான் கணக்கு. 400 மீட்டரை யாராலும் முழு மூச்சில் கடைசிவரை ஓட முடியாது. எங்கே அடக்குவது, எங்கே அவிழ்த்துவிடுவது என்பதுதான் அந்த ஓட்டத்தின் வித்தையே. அதில் கைதேர்ந்த ஒருவர், பெரிய மேடையில், ஒரு பத்தில் ஒரு பங்கு விநாடி தப்புக் கணக்குப் போட்டார். இது தொழில் தெரிந்தவன் செய்யும் தப்பு. படம் அதைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு விதியைக் கொடுத்துவிட்டது. பிரிவினைக் காட்சிகளில் எனக்கும் தொண்டை அடைத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் எப்படி ஓடினார் என்பது மூன்று மணி நேரம் பார்த்தும் புரியவில்லை.

இப்போது அந்த இன்னொருவர்.

அதே 1960. ரோமுக்கு எட்டு மாதம் முன்னால், ஜனவரியில், மதராஸ் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் (பிற்பாடு நேரு ஸ்டேடியம், அப்போது டெஸ்ட் மேட்ச்செல்லாம் சேப்பாக்கத்தில் இல்லை, அங்கேதான்) ரிச்சி பெனோவின் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 18 வயதுப் பையன் ஒருவன் டெஸ்ட் ஆட வந்தான். இடதுகை ஆட்டக்காரன். பெயர் ஏ.ஜி. மில்கா சிங். ஏ.ஜி. என்றால் அம்ரித்சர் கோவிந்த்சிங். பஞ்சாபிக் குடும்பம்தான், ஆனால் பெயருக்கு முன்னால் ஊர் போட்டுக்கொள்வதெல்லாம் அசல் மதராஸ்.

அப்பா ஏ.ஜி. ராம் சிங். 1934 நவம்பரில் மதராஸுக்கும் மைசூருக்கும் நடந்த முதல் ரஞ்சி ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது என்பார்களே, அதில் 11 விக்கெட் எடுத்தவர். கடைசிவரை ஒரு டெஸ்ட்கூட ஆடக் கிடைக்கவில்லை. மூத்த மகன் கிருபால் சிங் 1955-ல் நியூஸிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்டிலேயே செஞ்சுரி. 1961 நவம்பரில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக அண்ணனும் தம்பியும் ஒரே டெஸ்ட் டீமில். அந்த சீஸனில் தொடங்கிய துலீப் டிராபியின் முதல் செஞ்சுரி மில்காவுடையது. ஆனால் அந்த பம்பாய் டெஸ்ட்தான் அவருக்குக் கடைசி. இருபதாவது பிறந்தநாள் வருவதற்குள் டெஸ்ட் வாழ்க்கை முடிந்துவிட்டது! நான்கு டெஸ்ட், 92 ரன். பிறகு மதராஸுக்காக ஆடிக்கொண்டிருந்தார். 2017 நவம்பரில் சென்னையில் காலமானார். ஓட்டக்காரர் 2021 ஜூன் வரை இருந்தார்.

இந்த வாழ்க்கையைப் படமாக எடுங்கள் என்று சொல்லவில்லை. எடுத்தால் அதிலும் ஒரு கழுத்துத் திருப்பலைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது, அவரைக் காப்பாற்றி வைத்திருப்பது அந்த இரண்டு இனிஷியல்கள் என்பது. கிரிக்கெட் ஸ்கோர்கார்டு வறட்டு இலக்கியம்தான். ஆனால் நாலு டெஸ்ட் ஆடினவனையும் நாற்பது ஆடினவனையும் ஒரே சைஸ் எழுத்தில் போடும்.

ஹாக்கிக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்ஸில் வெண்கலம் வாங்கிய நம் டீமில் மூன்று பல்பீர் சிங்! ரயில்வே பல்பீர், ராணுவ பல்பீர், பஞ்சாப் போலீஸ் பல்பீர் என்று சம்பளம் கொடுக்கிற இடத்தை வைத்துப் பிரித்தார்கள். இவர்களுக்கெல்லாம் முன்னால் 1948, 52, 56 என்று மூன்று தங்கம் வாங்கிய பெரியவர் வேறு. 52 ஃபைனலில் ஹாலந்துக்கு எதிராக ஆறு கோலில் ஐந்து அவருடையது. அதனால் அவர் ‘சீனியர்’. 1958 ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கி, பிற்பாடு ராணுவத்தில் மேஜரான இன்னொருவர், பாவம், 88 வயதில் காலமாகும்வரை ‘ஜூனியர்’. இவர்களில் யாரைத் தேடினாலும் சீனியர் வந்து நிற்கிறார். அவர் மேல் தப்பில்லை. எழுதுகிறவர்கள் கொஞ்சம் மெனக்கெடலாம். ‘பல்பீர் சிங் கோல் அடித்தார்’ என்று எழுதினால் எந்த பல்பீர் என்று ஒரு வார்த்தை சேர்க்க எவ்வளவு மை செலவாகிவிடும்?

படம் முடிந்ததும் தங்கை பையன் மறுபடி செல்போனை எடுத்தான். அந்த நாலு டெஸ்ட் ஸ்கோரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“ஆவரேஜ் பதினஞ்சுதானா மாமா?”

“ஆமா. அதுக்கப்புறம் கூப்பிடலை.”

“பத்தொன்பது வயசுலயா?” என்று கேட்டுவிட்டு, பம்பாய் டெஸ்டை இன்னொரு தரம் திறந்தான்.