கூளையனின் கூலி யார் கையில்?

ஆகஸ்ட் வில்சனின் நாடகங்களைப் படிக்கிறப்ப எனக்குத் திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டாங்காடுதான் ஞாபகத்துக்கு வந்துகிட்டே இருந்தது. பிட்ஸ்பர்க் நகரத்தில் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்று கறுப்பின மக்கள் வாழ்ந்த ஒரு பகுதி. இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாக வில்சன் எழுதிய 10 நாடகங்களில் 9 அங்கேயே நடக்கின்றன. ஒரே மண்ணில் நின்று வேலையையும் சாதியையும் இப்படி விடாமல் எழுதியவர் என்று பார்த்தால் நம்ம பக்கம் பெருமாள்முருகன். அவர் எழுதியது நாவல். அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

வில்சனின் ஒரு நாடகம் 1969இல், இடிபடப்போகும் ஒரு சாப்பாட்டுக்கடையில் நடக்கிறது. அதில் ஹேம்போன் என்று ஒருத்தர். வெள்ளைக்காரக் கறிக்கடைக்காரனுக்கு வேலிக்கு வர்ணம் அடித்துக் கொடுத்தார். பேசிய கூலி ஒரு பன்றித்தொடை. அவன் கோழியை எடுத்துக்கோ என்றான். இவர் வாங்கவில்லை. ஒன்பதரை வருசமாக அந்தத் தொடையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அதைத் தவிர அவருக்கு அநேகமாகப் பேச்சே இல்லை. பைத்தியம் என்று சொல்லலாம். ஆனா கேக்கறதுக்கு ஒரு வாய் இருக்கு, காதில் வாங்க ஒரு கடை நிறைய ஆளுக இருக்காங்க.

'கூளமாதாரி'க்கு (2000) வருவோம். கூளையன் கவுண்டர் வீட்டுப் பண்ணயத்தில் விடப்பட்ட சக்கிலியப் பையன். ஆடு மேய்க்கிறான், ராத்திரி பட்டியில் காவலுக்குப் படுக்கிறான். அவன் கூலியைப் பேசுவது அவன் அல்ல, அப்பன். வாங்குவதும் அப்பன்தான். கேட்கக்கூட அவன் கையில் ஒன்றும் இல்லை. தேங்காய் திருடினான் என்று கிணற்றில் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். இதைப் 'பால்யத்தின் நாவல்', 'நிலக்காட்சியின் நாவல்' என்றே நம்ம ஆளுக பாராட்டி முடிச்சுட்டாங்க. எனக்கு அது போதலை. இந்த நாவலின் முதுகெலும்பு கூலிக்கணக்கு.

பேர்களையே பாருங்க. கூளையன், நெடும்பன், வவுறி, செவுடி. எல்லாம் உடம்பைப் பார்த்து வைத்த பேர்கள். கவுண்டர் மகன் பேர் செல்வன். இதை ஆசிரியர் எங்கேயும் விளக்குவதில்லை, அதுதான் நல்லது.

வில்சன் ஹில் டிஸ்ட்ரிக்டிலேயே பிறந்து வளர்ந்தவர், அந்தச் சனத்தின் பேச்சை உள்ளிருந்து கேட்டவர். பெருமாள்முருகன் காடு வைத்திருந்த சாதியில் பிறந்தவர். இந்த இடைவெளி நாவலில் தெரிகிறதா என்றால் தெரிகிறது. குறையாக அல்ல. செல்வனும் கூளையனும் பட்டியில் சேர்ந்து படுக்கும் ராத்திரிகள்தான் நாவலின் ஆகச்சிறந்த பக்கங்கள். கூட்டாளியாகவும் எசமானாகவும் ஒரே நேரத்தில் இருக்கிற பையனை, அந்தப் பக்கத்து வாசலில் நின்ற ஒருத்தரால்தான் அவ்வளவு நுணுக்கமாக எழுத முடியும். வவுறியின் வீட்டுக்குள் கதை அதே உரிமையோடு நுழைவதாக எனக்குத் தோன்றவில்லை.

மொழி விசயத்தில் மட்டும் இருவரும் ரொம்பக் கிட்ட வருகிறார்கள். இதே 2000இல்தான் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் வந்தது. ஆடு மேய்க்கிற பிள்ளைகள் தங்களுக்குள் பேசும்போது பேச்சு காட்டாறு மாதிரி ஓடுகிறது, கவுண்டர் தலை தெரிந்ததும் "ஞ்சாமி"யில் அடங்கிவிடுகிறது. வில்சனின் குப்பைவண்டிக்காரர் டிராய், ஏன் வெள்ளையன் மட்டும் வண்டி ஓட்டுறான், நாங்க மட்டும் குப்பை தூக்கணுமா என்று அதிகாரிகளிடமே கேட்டு, ஓட்டுநர் வேலையையும் வாங்கிவிடுகிறார். அவருக்கு மாநகராட்சி வேலை, பின்னால் தொழிற்சங்கம். கூளையனுக்கு என்ன இருக்கு?

சினிமாக் கொட்டகையில் சோடா விற்கும் பையன்களின் 'நிழல்முற்றம்' (1993) பற்றித் தனியா எழுதணும். இங்கே 'பூக்குழி' (2013) மட்டும். சோடாக்கடையில் வேலை செய்யும் குமரேசன் காதலித்துக் கல்யாணம் செய்து சரோஜாவை ஊருக்குக் கூட்டி வருகிறான். 'கூளமாதாரி'யில் தலைப்பிலேயே சாதி இருந்தது. இதில் கடைசிவரை அவள் சாதியின் பேர் வருவதில்லை. 2015 சனவரியில் 'மாதொருபாகன்' எதிர்ப்பால் அவர் எழுத்தையே விட்டதாக அறிவித்ததற்கு முன்பே வந்த நாவல் இது, ஆகவே பயம் என்று சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. ஊர் முழுக்க அவள் என்ன சாதி என்று துருவிக்கொண்டே இருக்கிறது. பாதிப் புத்தகம் தாண்டும்போது நானும் அதையேதான் தேடிக்கிட்டிருந்தேன்.