மறுசீரமைப்பு நீதியும் தொழிலாளர் விடுதியும்: திருப்பெரும்புதூர்த் தொழிற்பகுதியை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

குற்றவியலில் வளர்ந்து சமூகப்பணிக்குள் வந்த கருத்தாக்கம் மறுசீரமைப்பு நீதி. ஹோவர்ட் செர் 1990இல் வெளியிட்ட 'சேஞ்சிங் லென்சஸ்' அதன் அடிப்படை நூல்களுள் ஒன்று. தீங்கு யாருக்கு நேர்ந்தது, அவருடைய தேவை யாது, அதனை நிறைவேற்றும் கடமை யாருடையது என வினவுவது இக்கருத்தாக்கத்தின் இயல்பு. தண்டலம், திருப்பெரும்புதூர், ஒரகடம் எனத் தொடரும் தொழிற்பகுதியில் இவ்வினாக்கள் எந்த அளவிற்குப் பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிகழ்வு

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானதால் 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய நிலையை அறிவிக்கக் கோரித் தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. உள்ளூர் மேலாண்மைக் குழுவை மறுசீரமைப்பதாகவும், சீர்திருத்தம் முடியும்வரை ஊதியம் வழங்குவதாகவும் ஃபாக்ஸ்கான் அறிவித்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேருக்கான சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது.

மதிப்பீடு

இங்கு 'மறுசீரமைப்பு' என்னும் சொல்லே கவனத்திற்குரியது. நிர்வாக மறுசீரமைப்பு மேலிருந்து செய்யப்படுவது. நீதியின் மறுசீரமைப்போ தீங்குற்றவரின் கூற்றிலிருந்து தொடங்குவது. கட்டிலும் ஊதியமும் இன்றியமையாதவை. ஆயினும், பெண்கள் சாலையில் முதலில் கேட்டது தோழியரைப் பற்றிய செய்தியை. அவ்வினாவிற்கு விடைகூறும் பொறுப்பைக் கட்டடம் ஏற்க இயலாது.

அதற்காக, இருதரப்பையும் வட்டமாக அமர்த்திப் பேசவைத்தால் போதும் என்பதும் ஏற்புடையதன்று. வேலையும் உறைவிடமும் ஒரே தரப்பைச் சார்ந்திருக்க, ஒப்பந்தப் பணியாளர் அவ்வட்டத்தில் சமமானவர் அல்லர். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) இவ்விடரை உணர்ந்துள்ளது: பாதிக்கப்பட்ட பெண் வேண்டினால் மட்டுமே சமரசம், பணம் அதன் அடிப்படையாகாது. விடுதிசார் குறைகளுக்கும் இந்நெறி விரிவாக்கத்தக்கது. 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தம் சங்கத்திற்கு ஏற்புக் கோரி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். பேச்சுவார்த்தைக்கு முன்னரே பேசுவதற்கான கூட்டுவலிமை தேவை என்பதை அது காட்டுகிறது.

முடிவுரை

மறுசீரமைப்பு நடைமுறையைச் சமரசம் எனச் சுருக்குவது, வலியோர்க்கு எளிதாகவும் நலிந்தோர்க்குச் சுமையாகவும் முடியும். அச்சமின்றிப் பேசும் நிலையைத் தீங்குற்றவருக்கு முதலில் உறுதிசெய்வதே சமூகப்பணியாளரின் கடமை. அந்நிலை அமையாத இடத்தில் உரையாடலைத் தொடங்க மறுப்பதும் அக்கடமையைச் சார்ந்ததே.