மேக்ஸ் 31855: சூட்டைக் காட்டும் சிப், பழுதையும் காட்டுமா?

பவுடர் கோட்டிங் ஓவனில் பல பவுடர்களுக்கு 180 முதல் 200 டிகிரி வரை சூடு வேண்டும். உள்ளே சுற்றும் காற்று அந்தச் சூட்டில் இருந்தால் போதாது, பூச வேண்டிய இரும்பே அந்தச் சூட்டுக்கு வரவேண்டும். வராவிட்டால் பூச்சு சரியாக வேகாது, நாளடைவில் உரியும். கோவைப் பக்கத்துச் சிறு பட்டறைகள் பலவற்றில் கண்ட்ரோலர் திரையில் தெரியும் எண்தான் ஒரே சாட்சி. சூட்டைத் தொடர்ந்து பதிவு செய்ய இஎஸ்பி32 போர்டு, மெமரி கார்டு, கே வகை தெர்மோகப்பிள், நடுவில் மேக்ஸ் 31855 மாடியூல் என்று ஒரு லாகர் கட்டி, தெரிந்த பட்டறை ஒன்றில் ஓட்டிப் பார்த்தேன்.

இதற்கு முந்தைய மேக்ஸ் 6675 இன்னும் மலிவு. ஆனால் ஒயர் அறுந்தால் மட்டும்தான் அது சொல்லும். 31855 மூன்று பழுதுகளைத் தனித்தனியாகச் சொல்கிறது: ஒயர் அறுந்தது, கிரவுண்டைத் தொட்டது, சப்ளையைத் தொட்டது. சூட்டோடு சேர்த்துத் தன் சொந்த வெப்பநிலையையும் அனுப்புகிறது. நான் இதைப் பரிந்துரைக்க இந்த இரண்டுமே காரணம்.

ஆனால் இணையத்தில் கிடைக்கும் மாதிரி புரோகிராம்கள் பலவும் சூட்டை மட்டும் எழுதிவிட்டு மற்றதைக் கைவிடுகின்றன. சில, பழுது வந்தால் பழைய எண்ணையே திரும்ப எழுதுகின்றன. கோடு அழகாக நேராக ஓடும், ஓவனோ ஆறிக்கொண்டிருக்கும். சூடு, சிப்பின் வெப்பநிலை, பழுது பிட்டுகள் மூன்றுக்கும் ஃபைலில் தனித்தனி பத்தி கட்டாயம் வேண்டும்.

அந்தப் பத்திகளைப் படிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. மூன்று பழுதும் ஒரே நேரத்தில் எரிந்தால் தெர்மோகப்பிளைத் தொடவே வேண்டாம்; சிப்புக்கும் போர்டுக்கும் நடுவே டேட்டா ஒயர் கழன்றிருக்கிறது என்று பொருள். சூடும் 0, சிப்பின் வெப்பநிலையும் 0 என்று வந்தாலும் அதே இடம்தான். கிரவுண்ட் பழுது மட்டும் விடாமல் வந்தால், புரோபின் முனை அதன் உறையோடு சேர்த்து வெல்டு செய்யப்பட்டு, உறை ஓவன் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். முனை உறையைத் தொடாத புரோபை வாங்கி மாற்றுவதுதான் தீர்வு.

சிப் கண்டுபிடிக்காத பழுதுகள்தான் உண்மையில் ஆபத்தானவை. ஓவனைச் சூடாக்கச் சூடாக்க எண் இறங்கினால் ஒயர் தலைகீழாக மாட்டியிருக்கிறது. அமெரிக்க நிற முறையில் கே வகைக்கு மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்பைப் பிளஸ்ஸில் மாட்டிப் பழகிய கை இங்கே தவறும். நிறம் புரியாவிட்டால் ஒரு காந்தத் துண்டு போதும்: கே வகையில் மைனஸ் ஒயரான அலுமெல் காந்தத்தில் ஒட்டும், பிளஸ்ஸான குரோமெல் ஒட்டாது.

இன்னொன்று, புரோபிலிருந்து பேனல் வரை எட்டாத தூரத்துக்குச் சாதாரணச் செம்பு ஒயரைச் சேர்ப்பது. இணைப்பு இருக்கும் இடம் 50 டிகிரி, லாகர் 30 டிகிரி என்றால் காட்டும் சூடு 20 டிகிரி குறைந்துவிடும். சரியான கே ஒயரையே வாங்கி இரு முனையிலும் தலைகீழாக மாட்டினால் 40 குறையும். எண் ஏறும், இறங்கும், எல்லாம் இயல்பாகவே தெரியும். பழுது பிட் ஒன்றும் எரியாது. ஒயரின் நடுவில் காப்பு உருகி இரண்டும் ஒட்டிக்கொண்டாலும் இதே கதை: ஓவன் சூட்டை விட்டுவிட்டு, ஒட்டிய இடத்தின் சூட்டைக் காட்டும்.

பழுது லாகரிலா புரோபிலா என்று பிரிக்க, புரோபைக் கழற்றிவிட்டு மாடியூலின் இரு திருகுகளையும் ஒரு சிறு ஒயர் துண்டால் இணையுங்கள். அறை வெப்பநிலை வந்தால் லாகர் நலம். அறையைவிட நாலைந்து டிகிரி கூடுதலாக வந்தால் சிப் சூடாகிறது. பக்கத்திலேயே ரெகுலேட்டரோ இஎஸ்பி32-வோ இருக்கும். சிப் திருகுகளைவிடச் சூடாக இருக்கும் அளவு அப்படியே கணக்கில் ஏறிவிடும். மாடியூலைத் தள்ளி வைத்ததும் இது சரியாயிற்று.

அடுத்து கொதிநீர்ச் சோதனை. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 98.5 டிகிரியை ஒட்டியே கொதிக்கும்; 100 வரவில்லை என்று திருத்தம் போடக்கூடாது. இதில் தேறினாலும் 200-க்கு அது சான்று ஆகாது. 31855, டிகிரிக்கு 41.276 மைக்ரோவோல்ட் என்று ஒரே விகிதத்தில் கணக்கிடுகிறது. கே வகையின் மின்னழுத்தம் அப்படி நேர்கோட்டில் ஏறுவதில்லை. கே வகைக்கான மின்னழுத்தப் பட்டியல்படி 200 டிகிரிக்கு 8.138 மில்லிவோல்ட், அறை 30 டிகிரி என்றால் சிப் அதைச் சுமார் 198 என்று சொல்லும். 250-ஐ 247 என்று காட்டும். 100-ஐ ஒட்டி மட்டும் பிழை தெரியாது. சிப்பின் வெப்பநிலையைக் கொண்டு மில்லிவோல்ட்டைத் திரும்பக் கணக்கிட்டு, பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். சிப்பின் சொந்தப் பிழையே 2 டிகிரி வரை போகலாம் என்பதால் இதைச் சும்மா விடுவது சரியல்ல.

ஹீட்டர் காண்டாக்டர் இழுக்கும்போதெல்லாம் எண் துள்ளினால், இரு திருகுகளுக்கும் குறுக்கே 10 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவு மாடியூல்கள் சிலவற்றில் இருக்காது. ஒயர்களை முறுக்கி, பவர் கேபிளை விட்டுத் தள்ளிக் கொண்டுபோனால் மீதித் துள்ளலும் அடங்கும்.

ஓரிரு ஓவன், குட்டையான ஒயர் என்றால் இந்தச் சிப்பையே வாங்கலாம். பட்டறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒயர் இழுக்க வேண்டும், பக்கத்தில் புளோயரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி ஓடுகிறது என்றால் கூடுதல் விலை கொடுத்து மேக்ஸ் 31856-க்குப் போங்கள். 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அது உள்ளேயே வடிகட்டுகிறது, நேர்கோட்டுப் பிழையைத் தானே திருத்துகிறது, கே தவிர ஜே, என், டி, எஸ் போன்ற வகைகளையும் ஏற்கிறது.