புனைவுலகிற் கடவுளும் நாத்திகமும்

இல்லாத உலகொன்றைப் புனையும் ஆசிரியனுக்கு மலையும் கடலும் அரசும் வகுத்தல் எளிது. அவ்வுலக மாந்தர் எதனை வணங்குவர், எதனை மறுப்பர் என வகுத்தல் அரிது. என்னை? மெய்யுலகிற் கடவுள் உண்டென்பாரும் இல்லையென்பாரும் கட்புலனாகாப் பொருள்பற்றியே வழக்கிடுகின்றனர். புனைகதையிலோ, தெய்வம் நேர்நின்று பேசுமாயின், அதனை இல்லையென்பான் நாத்திகனாகான். கண்டும் காணாதவனே ஆவான். ஆகலின் ஆங்கு மறுப்புக்கு இடம் வேண்டின், 'உளதோ' என்னும் வினாவினும் 'வணங்கத்தக்கதோ' என்னும் வினாவே எழுப்பற்பாலது. ஆங்கில நூலார் மூவர் இவ்வினாவை எதிர்கொண்ட முறை ஆராயத்தக்கது.

டோல்கீன் இயற்றிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. தம் நூல் அடிப்படையிற் கத்தோலிக்க சமயஞ் சார்ந்ததே என்றும், அதனாலேயே வழிபாட்டுச் செய்திகளை அதனின்றும் நீக்கினதாகவும் அவர் 1953-இற் பாதிரியார் ஒருவர்க்கு எழுதினர். உண்ணுமுன் மேற்றிசை நோக்கி வாளா நிற்கும் வீரர் சிலரை ஆங்குக் காணலாம். கோயிலைக் காண்டல் அரிது. கதைத்தலைவன் உறுதி தளர்ந்தவிடத்து, இழிந்த பகைவனை முன்னர்க் கொல்லாது விடுத்த இரக்கமே உலகைக் காக்கின்றது. சமயம் செயலுள் அடங்கி நிற்றல் இந்நூலின் சிறப்பு. எனினும் கடவுளை மறுப்பான் வாதம் ஆங்கு எழவேயில்லை.

பிலிப் புல்மன் 1995 முதல் 2000 வரை வெளியிட்ட மூன்று நூல்களும் அம்மறுப்பையே மேற்கொண்டன. படைத்தவன் யானே எனப் பொய்கூறி ஆண்ட முதல் தேவதூதன், மூத்துத் தளர்ந்து, படிகப் பேழையினின்றும் விடுபட்டுக் காற்றிற் கரைகின்றான். குருமார் கொடுங்கோன்மையைக் கடிந்த அளவில் இந்நூல் வன்மையுடைத்து. ஆனால் பொய்க்கடவுளின் வீழ்ச்சி மெய்க்கடவுளின் இன்மைக்குச் சான்றாகுமோ? ஆகாது. அதிகாரத்தைக் கடிதலே ஆசிரியர் கருத்தெனின், அஃது அமையும். நாத்திகத்தை நாட்டினாரெனின், அமையாது. எதிர்ப்பக்கத்தை அதன் முழுவலியோடும் நிறுத்திப் பின் மறுப்பதே தருக்கநெறி. ஈண்டு நிறுத்தப்பட்ட எதிரியோ, தானே சாகும் நிலையினன்.

அர்சுலா லெ குவின் எழுதிய 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' 1971-இல் நூலாயிற்று. இருட்குகையில் உறையும் பெயரிலிகளுக்குச் சிறுமியொருத்தி குழவிப்பருவத்தே பூசாரினியாக ஒப்புவிக்கப்படுகின்றாள். அவளோடுறையும் முதிய பூசாரினி கோசில் அத்தெய்வங்களை நம்பாள்; அதிகாரம் ஒன்றையே நம்பிப் பூசையைக் காக்கின்றாள். வெளியினின்றும் வந்த கெட் என்பானோ, பெயரிலிகள் உளரெனவும், ஆயினும் வணங்கத்தக்காரல்லரெனவும் உரைக்கின்றான். நம்பிக்கை, நம்பாமை, உண்மை கண்டும் வணங்க மறுத்தல் என மூன்று நிலையும் சிறுநூல் ஒன்றனுள் தெளிவுற நிற்கின்றன. நம்பாதாள் கோயிலை விடாமையும், நம்பினாள் அதனை விட்டு நீங்குதலும் ஆழ்ந்து நோக்கத்தக்கன. விடுதலை பெற்றவள் மகிழ்ச்சியின்றி, தீத்தெய்வத்துக்கு வீணே கழிந்த ஆண்டுகளை எண்ணி அழுகின்றாள்.

வணங்கத்தக்கது யாதென இந்நூலும் விளம்பிற்றன்று, அஃதொரு குறையே. எனினும் தகுதியில்லாததை வணங்குவார் உயிர்க்கு நேரும் கேட்டை இத்துணைத் தெளிவாகக் காட்டியமையின், மூன்றனுள்ளும் இதுவே சிறந்ததென்க.