முகமறியா வண்டிக்கு ஒரு செய்தி

வாசலை மறித்து எவரோ நிறுத்திப் போன காருக்குச் சொந்தக்காரரைத் தேடிக் கடை கடையாக விசாரிப்பதும், ஹாரனை ஓயாமல் அடிப்பதும், கடைசியில் ஒன்றுமறியாத காவலாளியின்மீது எரிந்து விழுவதும் நம் நகரங்களில் நித்தியப்படி நடக்கிற காரியங்கள். இதற்குப் பரிகாரமாகச் சிலர் முன்கண்ணாடியில் தங்கள் கைபேசி எண்ணை எழுதி வைப்பதுண்டு. அந்த வழக்கத்தின் திருந்திய வடிவமே இப்போது பரவி வரும் க்யூஆர் ஸ்டிக்கர். அதை ஸ்கேன் செய்பவர், வழி மறிக்கிறது, விளக்கு எரிகிறது என்று முன்னமே எழுதி வைத்த வாசகங்களில் ஒன்றைத் தேர்ந்து அனுப்பலாம். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாதபடி இடையில் நிற்கும் செயலி மறைத்துவிடுகிறது.

அத்தகைய சேவையொன்றின் ஸ்டிக்கரை என் வண்டியில் ஒட்டி, நண்பரைக் கொண்டு பரீட்சித்துப் பார்த்தேன். உச்சி வெயிலில் கண்ணாடி பளபளத்து, எந்தக் கோணத்தில் கைபேசியைப் பிடித்தாலும் கட்டம் சிக்கவில்லை. உள்ளங்கையால் நிழல் கொடுத்த பிறகே சிக்கியது. வண்டி எண்ணின் கடைசி இலக்கங்களையும் கேட்டுச் சரிபார்த்த பின்னரே செய்தி போயிற்று. போகிறவர் வருகிறவர் விளையாட்டுக்குத் தொந்தரவு செய்யாதிருக்க இது நல்ல ஏற்பாடு. ஆயினும் நிலத்தடி நிறுத்துமிடத்தில், சேவை மிகவும் வேண்டியிருக்கும் அவ்விடத்திலேயே, சிக்னல் இல்லாமையால் அது அறவே பயனற்றுப் போயிற்று.

இவை காலப்போக்கில் தீரக்கூடிய குறைகள். தீராத குறை வேறு: பிறர் சிரமத்தை எண்ணிப் பார்க்கும் சுபாவமுள்ளவரே ஸ்டிக்கரை வாங்கி ஒட்டுகிறார், வழியை மறித்துவிட்டு நிம்மதியாகச் சினிமா பார்ப்பவருக்கு அது எதற்கு? அப்படியானால் எல்லா வண்டியிலும் உள்ள நம்பர் பிளேட்டையே முகவரியாகக் கொண்டால் என்ன என்று தோன்றுவது இயல்பே. 2010-ஐ ஒட்டி அமெரிக்காவில் பம்ப் என்ற சேவை அந்த யோசனையோடுதான் கிளம்பியது.

ஆனால் வண்டி எண்ணுக்குப் பின்னாலுள்ள பதிவுகளிலிருந்து மனிதரை அடையும் பாதை எவ்வளவு அபாயகரமானது என்பதை அந்நாடு முன்பே அறிந்திருந்தது. 1989-இல் ரெபெக்கா ஷேஃபர் என்ற இளம் நடிகையை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றவன், அவருடைய விலாசத்தைக் கலிபோர்னியா மோட்டார் வாகனத் துறையின் பதிவுகளிலிருந்து ஒரு தனியார் துப்பறிபவர் மூலம் பெற்றிருந்தான். இத்தகைய பதிவுகளை வெளியிடுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1994-இல் நிறைவேறியது. இந்தியாவிலும் வாகனப் பதிவு விவரங்களை மொத்தமாக விற்பதற்கு 2019-இல் வகுத்த கொள்கை, அந்தரங்கம் பற்றிய ஆட்சேபங்களுக்குப் பின் 2020-இல் கைவிடப்பட்டது. ஆகவே உரிமையாளர் தாமே மனமுவந்து ஒட்டியதும், வேண்டாமென்றால் கிழித்தெறியக் கூடியதுமான ஸ்டிக்கரே, அரைகுறை வீச்சுடையதாயினும், மேலானது என்பது என் அபிப்பிராயம். அதுவும் நிற்கிற வண்டியோடு நின்றுவிட வேண்டும்; ஓடுகிற வண்டியின் ஓட்டுநர், வந்த செய்தியைப் படிக்கக் கைபேசியை எடுத்தாரானால், வழி மறித்ததைவிடப் பெரிய குற்றத்துக்கு உள்ளாவார்.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்குத் தீரவில்லை. இருவர் எண்ணும் ஒருவர்க்கொருவர் மறைந்திருப்பது வாஸ்தவம். இடையிலிருக்கும் கம்பெனிக்கோ இரண்டும் தெரியும், எந்த வண்டி எந்த வேளையில் ஸ்கேன் செய்யப்பட்டது என்பதும் தெரியும். நான் பரீட்சித்த சேவையின் நீண்ட நிபந்தனைப் பட்டியலில், அந்தக் குறிப்புகளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்ற ஒரு வரியை மட்டும் காணோம்.