எழுத்துக் கூட்டிப் படிப்பவனின் நேரம்

சினிமா டைட்டில் எழுத்துக்களைப் பற்றி நம்மவர்கள் எழுதுவதில்லை. எழுத நேர்ந்தாலும் உருவத்தைப் பற்றித்தான் பேச்சு. பேய்ப் படத்தின் பெயரில் ரத்தம் சொட்டுகிறது, காதல் படத்தின் பெயரில் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் பூ உட்கார்ந்திருக்கிறது, இது நன்றாயிருக்கிறது, அது அசட்டுத்தனம் - இத்யாதி. சுவரொட்டிக்கு இந்தப் பேச்சு போதும், சுவரொட்டி ஓடாது. திரையில் வருவது வந்து போகிற எழுத்து. எவ்வளவு நேரம் நிற்கிறது, யாருக்காக நிற்கிறது என்பதை விட்டுவிட்டுச் சுழிகளை அளந்துகொண்டிருப்பது விமர்சனம் ஆகாது.

நேரம் என்கிற விஷயம் ஆரம்பத்திலேயே இருந்தது. வேலூர்க்காரரான நடராஜ முதலியார் 1910களில் 'கீசகவத'த்தை எடுத்தபோது பேச்சு அத்தனையும் எழுத்து அட்டைகளில், ஒன்றுக்கு மேற்பட்ட பாஷைகளில். மௌனப் படக் கொட்டகைகளில் எழுத்தறியாதவர்களுக்காக ஒருவர் அட்டையை உரக்கப் படித்துச் சொல்வதுண்டு. ஆக, நம் திரை எழுத்தின் ஆரம்ப வாசகர்களில் பலர் காதால் படித்தவர்கள். 1931ல் படம் பேச ஆரம்பித்தது. படித்துச் சொல்பவர் போனார். எழுத்து டைட்டிலுக்குள் ஒடுங்கியது.

இந்த டைட்டில் அட்டைகள் வெகுகாலம் கையால் எழுதப்பட்டவை. பெரியார் 1935ல் 'குடி அரசு' பத்திரிகையில் ஆரம்பித்து, 1978ல் அரசாணையாக வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அச்சின் சிக்கனமும் ஒரு நியாயம். தூரிகைக்காரனுக்கு அந்த நெருக்கடி கிடையாது. பழைய 'லை'யின் துதிக்கையை எவ்வளவு நீட்டினாலும் கேட்பாரில்லை. இந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு அவன் படப் பெயர் ஒன்றை மட்டும் ஜோடித்தான். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, உதவியாளர்கள் என்ற மற்றப் பெயர்களைப் பள்ளிக்கூடப் பலகை எழுத்தில் ஒழுங்காக எழுதி வைத்தான். முதலாவதில் எனக்கு மதிப்பில்லை. இரண்டாவதில் உண்டு. வாலாஜாபாத்தில், தறியிலிருந்து இறங்கி நேரே ஆட்டம் பார்க்க வந்தவர்கள் அந்தப் பெயர்களை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்ததைப் பக்கத்து பெஞ்சிலிருந்து கேட்டவன் நான். அவர்கள் படித்து முடிக்கும்வரை அட்டை நின்றது. கலை உணர்வால் அல்ல, யாருக்கும் அவசரமில்லாததால் நின்றிருக்கலாம். நின்றது என்பதே எனக்கு முக்கியம்.

ஸால் பாஸ் 'சைக்கோ'வுக்குச் (1960) செய்த டைட்டிலை மேதைமை என்று கொண்டாடுகிறோம். நெடுக்கிலும் குறுக்கிலும் கோடுகள் பாய்ந்து பெயர்களைத் துண்டாக்கி ஒட்டுகின்றன. மேதைமைதான். ஆனால் அது ரோமன் எழுத்தை நம்பிச் செய்த வேலை. பாதியாக வெட்டினாலும் அதில் பல எழுத்துக்கள் தாக்குப்பிடிக்கும். தமிழில் மேலே ஒரு புள்ளி போனால் 'க்' 'க'வாகிவிடும். கொம்பின் சுழி போனால் நெடில் குறிலாகிவிடும். ஓலைச் சுவடி எழுதியவர்களில் பலர் புள்ளி வைக்கவில்லை என்பது வேறு சங்கதி: படிக்கிறவனுக்கு ஓலை கையில் இருந்தது, நேரமும் இருந்தது. சுவடியின் நிதானம் தெரிந்து செய்தவர் என்றால் எனக்கு சத்யஜித் ராய் ஞாபகம் வருகிறார். விளம்பரக் கம்பெனியிலும் புத்தக முகப்புகளிலும் கை பழகியவர். 'பதேர் பாஞ்சாலி'யின் (1955) பெயர்கள் சொரசொரப்பான காகிதத்தில் கையெழுத்தாக வருகின்றன. எழுத்து எதையும் நடித்துக் காட்டுவதில்லை.

நம்மிடம் ஆதிமூலம் இருந்தார். சிறுபத்திரிகை அட்டைகளில் தமிழ் எழுத்தை ஓவியனின் கோடாக மாற்றினார். அதன் சாயலில் விளிம்பு உடைந்த தூரிகை எழுத்து இன்று படப் பெயர்களில் தாராளமாகப் புழங்குகிறது. மறுபடியும் பெயர் ஒன்றுக்கு மட்டுமே அந்த உபசாரம். மற்றப் பெயர்கள் பெரும்பாலும் இங்கிலீஷுக்குப் போய்விட்டன. 2006ல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்று அரசாங்கம் அறிவித்தபோதும் கவலை பெயரைப் பற்றித்தான். திரையில் ஓடுகிற எழுத்தைப் பற்றி அல்ல.

இதில் ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டில் ஜனங்கள் ஒன்றாகச் சேர்ந்து படிக்கிற டைட்டில் ஒன்றே ஒன்றுதான் - 'அண்ணாமலை'யில் (1992) வந்த 'சூப்பர் ஸ்டார் ரஜினி'. ரோமன் எழுத்து. இங்கிலீஷ் தெரியாதவனும் கூடவே கத்துகிறான். நட்சத்திர மோகம் என்று ஒதுக்கிவிடலாம். நானும் அந்த மோகத்துக்கு வக்கீல் இல்லை. ஆனால் கவனியுங்கள்: எழுத்துக்கள் புள்ளி புள்ளியாக, ஒவ்வொன்றாக வருகின்றன. ஒன்று வந்த பிறகுதான் அடுத்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பவனின் வேகம் அது. கல்யாணப் புடவை முந்தியில் பெண் மாப்பிள்ளை பெயரை நெய்யும்போது நடப்பதும் இதுதான். கட்டக் காகிதத்தில் 'ழ'வின் வளைவு படிக்கட்டாகிவிடும். ஜக்கார்டில் ஊடைக்கு ஓர் அட்டையாக எழுத்து ஏறிவரும். இழை நெருங்க நெருங்கப் படிக்கட்டு மறைந்து வளைவு தெரியும். டைட்டில் செய்கிறவர்கள் ஒரு தரம் தறிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். புதிதாகச் செலவு ஒன்றுமில்லை.

ஒரு நடிகருக்குக் கொடுத்த அந்தச் சில விநாடிகளை லைட் பாய்க்கும் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அட்டைக்கு ஒரு மூச்சு, தமிழில். இப்போது அந்தப் பெயர்கள் கடைசியில், இங்கிலீஷில், பொடி எழுத்தில் மேல்நோக்கி ஓடுகின்றன. அதற்குள் கதவைத் திறந்து விளக்கைப் போட்டுவிடுகிறார்கள்.