முன்னிலம் இல்லாத பாலை: ‘ஆர்கேன்’ அசைவூட்டத் தொடரும் தேர்வாய் கண்டிகையும்

ஆய்வுச்சுருக்கம்

காணொலி விளையாட்டிலிருந்து உருவான ‘ஆர்கேன்’ என்னும் மிகுபுனைவு அசைவூட்டத் தொடர், நச்சுப்புகையில் வாழும் மாந்தரின் துயரை ஆழமாகக் காட்டுகிறது. ஆயின் அப்புகைக்கு முன் அந்நிலம் எதுவாக இருந்தது என்று கேட்பதில்லை. இவ்விடுபாட்டைப் பாலைத்திணைக் கோட்பாட்டின் வழியும், திருவள்ளூர் மாவட்டத் தேர்வாய் கண்டிகையின் நிலவரலாற்றின் வழியும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆர்கேன், தழுவல், பாலை, முதற்பொருள், மேய்க்கால், தேர்வாய் கண்டிகை

தொடரும் மூலமும்

ரயட் கேம்ஸ் நிறுவனம் 2009இல் வெளியிட்ட ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ விளையாட்டின் உலகைக் கொண்டு, கிறிஸ்டியன் லிங்க், அலெக்ஸ் யீ ஆகிய இருவரும் உருவாக்கிய தொடர் ‘ஆர்கேன்’. பாரிஸ் நகரின் ஃபோர்டிஷ் கலையகம் இதற்கு அசைவூட்டியது. முதற்பருவம் 2021 நவம்பரிலும், இரண்டாம் பருவம் 2024 நவம்பரிலும் நெட்ஃப்ளிக்ஸ் தளத்தில் வெளியாயின. மொத்தம் 18 பகுதிகள். முதற்பருவம் சிறந்த அசைவூட்ட நிகழ்ச்சிக்கான எம்மி விருதை 2022இல் பெற்றது. செல்வ நகரமான பில்டோவருக்கும், பின்னர் ஸான் எனப்படும் அதன் கீழ்நகருக்கும் இடையிலான பகையில், வை, பவுடர் என்னும் சகோதரியர் பிரிவதே கதை.

மூல விளையாட்டில் ஆடுபவர் வீரர்களுள் ஒருவரைத் தெரிவுசெய்து களமிறங்குகிறார். ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனியே ஒரு முற்கதை எழுதப்பட்டுள்ளது. ஆகவே, தொடரின் வேலை புதிய மாந்தரைப் படைப்பதன்று. முன்பே அறிமுகமான ஜின்க்ஸ் எவ்வாறு ஜின்க்ஸ் ஆனாள் என்று சொல்வதே. இதனைத் தொடர் மிகச் சிறப்பாகச் செய்கிறது. தன்னவரைக் காக்கப் பவுடர் எறிந்த குண்டே அவர்களைக் கொல்லும் காட்சியும், தமக்கையால் கைவிடப்பட்டதாக உணரும் அச்சிறுமியைப் பகைவனான சில்கோ அணைத்துக்கொள்வதும் அண்மைக்கால அசைவூட்டத்தின் உச்சங்களுள் வைத்து எண்ணத்தக்கவை. எனினும், ‘எவ்வாறு இப்படி ஆனது?’ என்ற வினாவைத் தொடர் மாந்தரிடம் மட்டுமே எழுப்புகிறது.

பாலை கேட்கும் வினா

தொல்காப்பியம் முதற்பொருளாக நிலத்தையும் பொழுதையும் கொள்கிறது. நானிலத்திற்குத் தெய்வமும் நிலமும் கூறும் அந்நூல் பாலைக்குத் தனிநிலம் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என விளக்குவது சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை. அவ்விடத்து இளங்கோவடிகள் கையாளும் உவமையை ஆய்வாளர்கள் இன்னும் கூர்ந்து நோக்கலாம். அரசனும் அவன் ஆணைவழித் தொழில் செய்வோரும் முறைதவறியதால் சீரழிந்த நாட்டைப் போல, வேனில் நிலத்தை அழித்தது என்கிறார். வெயில் செய்ததைச் சொல்லவந்த புலவர்க்கு ஆட்சியின் கோணல் உவமையாகிறது. எனவே, பாலையைக் கண்ட இடத்து இரு வினாக்கள் தாமே எழுகின்றன: இது முன்னர் எந்நிலம்? இதனைத் திரித்தது யாது?

ஸான் ஐயமின்றிப் பாலையே. பிரிவு அதன் உரிப்பொருள். சாம்பல்நிற நச்சுப்புகையும், ஷிம்மர் என்னும் போதைப்பொருளும், அதனைக் காய்ச்சும் ஆலையில் உழைக்கும் சிறாரும் அதன் கருப்பொருள்கள். ஆயினும் அதன் முன்னிலத்தைத் தொடர் சொல்வதில்லை. சுரங்கங்கள் இருந்தன என்ற குறிப்பு உண்டு, அதற்கப்பால் இல்லை.

வியப்பு யாதெனில், விடை மூலத்திலேயே இருக்கிறது. விளையாட்டின் உலகக்கதையில் ஸான் ஒரு பழைய வணிகத் துறைமுகம். இரு கடல்களை இணைக்கும் கால்வாய்க்காக நிலம் வெடிவைத்துப் பிளக்கப்பட்டபோது நகரின் பகுதிகள் சரிந்து மூழ்கின, நச்சுவளி எழுந்தது, ஜானா என்னும் காற்றுத்தெய்வம் எஞ்சியோரைக் காத்தது. அக்கால்வாயின் சுங்கத்திலேயே பில்டோவர் செழித்தது. வணிகத் திட்டமொன்று நிலத்தைத் திரித்த கதை இது. தழுவலில் விடுபட்டது இதுவே. நேரமின்மை காரணம் எனல் பொருந்தாது. மெல் என்னும் அவை உறுப்பினரின் தாய்நாட்டு அரசியலுக்குத் தொடர் தாராளமாக இடந்தருகிறது. வீரருக்கு முற்கதை எழுதிப் பழகிய வடிவம் நிலத்திற்கு முற்கதை தேவையெனக் கருதவில்லை என்பதே என் கருத்து. (முப்பரிமாண மாந்தர் பெரும்பாலும் கையால் தீட்டிய தட்டைப் பின்னணியின்முன் இயங்குவதையும் இதனோடு சேர்த்து நோக்கத் தோன்றுகிறது, ஆனால் ஒரு தொழில்நுட்பத் தெரிவின்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றுதல் தகாது.)

தேர்வாய் கண்டிகை

இவ்வினா வெறும் இலக்கிய நுட்பமன்று. கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய் கண்டிகையில் ஏறத்தாழ 1,100 ஏக்கர் மேய்க்கால் நிலம் சிப்காட் தொழிற்பூங்காவிற்கு ஒதுக்கப்பட்டபோது வழக்கு இதனைச் சுற்றியே நடந்தது. பதிவேட்டில் அது புறம்போக்கு. பெரும்பான்மையும் தலித் மக்கள் வாழும் அவ்வூரார்க்கோ அது ஆடுமாடு மேயும் காடு. விறகும் மூலிகையும் தரும் இடம். ஏரிகளுக்கு நீர் வடியும் மேட்டுநிலம். திணைமொழியில் சொன்னால் முல்லை. அங்கு ஆலை அமைத்த மிஷெலின் நிறுவனத்தைக் குறித்து, கிராமச் சங்கமும் பிரெஞ்சுத் தொழிற்சங்கமான சிஜிடி உள்ளிட்ட அமைப்புகளும் 2012 ஜூலையில் பிரான்சின் தேசியத் தொடர்பு மையத்திடம் முறையிட்டன. அம்மையம் 2013இல் அறிக்கை அளித்தது. முறையீட்டின் முடிவு இங்கு ஆய்வுப்பொருளன்று. ‘புறம்போக்கு’ என்ற சொல் செய்த வேலையே நோக்கத்தக்கது: நிலத்திற்கு முற்கதை இல்லை என அச்சொல் முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகள் இணைக்கப்பட்டு, 500 மில்லியன் கனஅடி கொள்ளளவுள்ள நீர்த்தேக்கம் சென்னைக் குடிநீருக்காக 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. மேல்நகரின் தாகத்திற்கும் கீழ்நிலம் உதவுகிறது என்பதை ‘ஆர்கேன்’ பார்த்த எவரும் உடனே இனங்காண்பர்.

நோயுற்ற மரம்

தொடர் இவ்வினாவை ஒருமுறை நெருங்குகிறது. நல்ல காற்று எட்டும் ஓரிடத்தில் வளர்ந்த பெருமரத்தைச் சுற்றி எக்கோவும் தோழரும் குடியிருப்பு அமைத்துள்ளனர். ஸானில் பசுமை என்று சொல்ல அது ஒன்றே. இரண்டாம் பருவத்தில் அம்மரம் நோயுறுகிறது. காரணத்தைத் தேடி எக்கோ, ஜெய்ஸ், ஹைமர்டிங்கர் மூவரும் செல்ல, தடம் பில்டோவரின் வணிக வாயிலான ஹெக்ஸ்கேட்டுக்கே இட்டுச்செல்கிறது. கால்வாய்க் கதை வேறுருவில் மீண்டும் தலைகாட்டும் இடம் இது. மேல்நகரின் சரக்குப் போக்குவரத்து கீழ்நிலத்தின் வேரை அரிக்கிறது. ஆனால் அடுத்து வருவது காலப்பிறழ்வும் மாற்றுலகமும். மரத்தைப் பற்றிய விசாரணை மாயத்தின் விசாரணையாக மாறிவிடுகிறது. ஹெக்ஸ்டெக் தோன்றாத அம்மாற்றுலகில் கீழ்நகர் வண்ணமயமாக இருக்கிறது. அது யார் கேட்டுப் பெற்ற செழிப்பு, எந்த உடன்பாட்டால் வந்தது என்பதற்குக் குறிப்பில்லை. பார்வையாளரின் ஏக்கமெல்லாம் எக்கோவும் பவுடரும் ஆடும் நடனத்திற்கே செல்கிறது. அந்நடனம் அழகியது என்பதை மறுப்பதற்கில்லை.

அதே பருவத்தில் கெய்ட்லின் தலைமையிலான படை, காற்றோட்டக் குழாய்களின் வழியே நச்சுப்புகையைக் கீழ்நகரத்தார்மீது ஏவுகிறது. நிலத்தின் நோயே அம்மக்களுக்கு எதிரான ஆயுதமாகும் இக்காட்சி தொடரின் அரசியல் கூர்மைக்குச் சான்று. இதன் விளைவும் கெய்ட்லினின் மனமாற்றக் கதைக்குள் அடங்கிவிடுகிறது. இறுதியில் பொதுப்பகைக்கு எதிராக இரு நகரத்தாரும் தோளோடு தோள் நிற்கின்றனர். கீழ்நகரின் செவிகா அவையில் ஓர் இருக்கை பெறுகிறாள். அவள் அமர்வதோடு காட்சி நகர்ந்துவிடுகிறது. புகையைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ அவள் அந்த அவையில் பேசுவதை நாம் கேட்பதில்லை.